சூரியக் காற்றில் பாய் விரித்தல்

காற்றை நம்பிக் கடலேறிய காலம் ஒன்று இருந்தது. தென்மேல் பருவக்காற்று எப்போது எழும், வடகீழ்ப் பருவக்காற்று எப்போது திரும்பும் என்பதைக் கணித்து வைத்தே அரபு வணிகர்கள், செரண்தீப் என்று தாங்கள் அழைத்த நமது தீவுக்கு வந்து போனார்கள். பருவக்காற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மொன்சூன்' என்ற சொல்லே, பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தக் கப்பல்கள் நிலக்கரியோ எண்ணெயோ சுமக்கவில்லை. பயணத்துக்கு வேண்டிய சக்தி வெளியிலிருந்து கிடைத்தது. ஆகையால் கப்பலின் வயிறு முழுவதும் சரக்குக்கே இடமாயிற்று.

இதே முறையில் ஒரு விண்கலத்தைச் செலுத்த முடியுமா? காற்றே இல்லாத விண்வெளியில் பாய் எதற்கு என்று தோழியர் கேட்கக்கூடும். ஆனால் அங்கும் ஒரு காற்று வீசுகிறது. அதைப் பிடிப்பதற்கு ஒரு பாயும் வடிவமைக்கப்பட்டுள்ளது. அந்தப் பாயில் துணி இல்லை, தாள் இல்லை. சில கம்பிகளும் மின்சாரமும் மட்டுமே உண்டு. அது எவ்வாறு இயங்கும், அதற்காக இதுவரை யார் யார் என்ன முயன்றார்கள் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள்

ஏவுகணை வாயுவைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதனால் தான் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதியை வகுப்பில் கற்ற எவருக்கும் இது தெரியும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், தள்ளுவதற்கான பொருளைக் கலமே சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. நாளை எரிக்கப்போகும் எரிபொருளையும் இன்று எரியும் எரிபொருள்தான் இழுத்துச் செல்ல வேண்டும்.

இதை ரஷ்ய ஆசிரியரான சியோல்கோவ்ஸ்கி 1903 இல் ஒரு சமன்பாடாக வெளியிட்டார். அதை வைத்து நானே ஒரு கணக்கைச் செய்து பார்த்தேன். ஐதரசனையும் ஒட்சிசனையும் எரிக்கும் சிறந்த இயந்திரத்திலிருந்து வாயு செக்கனுக்குச் சுமார் 4.5 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. கலத்தின் வேகத்தைச் செக்கனுக்கு 4.5 கிலோமீற்றரால் கூட்டுவதற்கு, இறுதியில் எஞ்சும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.7 கிலோகிராம் எரிபொருள் போதும். 9 கிலோமீற்றரால் கூட்டுவதற்கு 6.4 கிலோகிராம் வேண்டும். 30 கிலோமீற்றரால் கூட்ட வேண்டுமானால் 780 கிலோகிராமுக்கும் அதிகம் தேவைப்படுகிறது! வேகம் கூட்டல் முறையில் ஏறும்போது எரிபொருள் பெருக்கல் முறையில் ஏறுகிறது. செனன் வாயுவைச் சிக்கனமாகச் செலவிடும் அயன் இயந்திரங்கள் இந்தச் சுமையை வெகுவாகக் குறைக்கின்றன. ஆயினும் செனன் தீரும் நாளில் அவற்றின் உந்துதலும் தீர்ந்துவிடும்.

தள்ளுவதற்கான பொருளைச் சுமக்காமல், வழியில் கிடைப்பதையே பயன்படுத்தினால் இந்தச் சமன்பாட்டின் பிடியிலிருந்து தப்பலாம். பாய்மரக் கப்பல் செய்ததும் அதைத்தான்.

சூரியனிலிருந்து வீசும் காற்று

வால்வெள்ளியின் வால் அது செல்லும் திசைக்குப் பின்னால் நீள்வதில்லை. எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது. தூசியாலான வால், சூரிய ஒளியின் அழுத்தத்தால் அவ்வாறு தள்ளப்படுகிறது. ஆனால் பல வால்வெள்ளிகளுக்கு நீல நிறமான, நேரான இன்னொரு வாலும் உண்டு. அது ஏற்றம் பெற்ற வாயுவாலானது. அந்த வாலின் வேகத்தை விளக்க ஒளியின் அழுத்தம் போதாது. சூரியனிலிருந்து துணிக்கைகள் தொடர்ந்து பாய்ந்து வரவேண்டும் என்று ஜேர்மனியரான லுட்விக் பியர்மன் 1951 இல் எழுதினார்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூஜின் பார்க்கர் அதற்கொரு காரணத்தைக் கண்டார். சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் பாகைக்கும் மேலான வெப்பநிலையில் இருக்கிறது. அவ்வளவு வெப்பமான வாயுவை ஈர்ப்பு விசையால் கட்டிப்போட முடியாது. அது விரிந்து, விரிந்து, ஒலியை மிஞ்சும் வேகத்தில் வெளியேறியே ஆகவேண்டும் எனக் கணித்துக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'சூரியக் காற்று'.

பார்க்கரின் கட்டுரையை வானியற்பௌதிகச் சஞ்சிகைக்கு அனுப்பியபோது, அதை மதிப்பிட்ட அறிஞர் இருவரும் பிரசுரிக்கத் தகாதது என்றே எழுதினார்கள். அப்போது சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். பார்க்கரின் முடிவு சந்திரசேகருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கணிதத்தில் பிழையொன்றையும் அவரால் காண முடியவில்லை. ஆகவே மதிப்பீட்டாளர்களை மீறி 1958 இல் அதை வெளியிட்டார்.

நான் இந்த விடயத்தைப் படித்தபோது நீண்ட நேரம் இதைப் பற்றியே யோசித்தேன். ஒருவர் சொல்வது நமக்குப் பிடிக்கவில்லை என்பதும், அது பிழை என்பதும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை ஒரு மனிதர் மதித்ததால் ஒரு துறையே பிறந்தது. 1962 இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம், தன் பயணம் நெடுகிலும் சூரியக் காற்று ஓயாமல் வீசுவதை அளந்து காட்டியது. 2018 ஓகஸ்டில் சூரியனை நோக்கி ஏவப்பட்ட விண்கலத்துக்குப் பார்க்கரின் பெயரையே சூட்டினார்கள். அது புறப்பட்டதைத் தமது 91 ஆவது வயதில் அவர் நேரிற் பார்த்தார்.

பத்து அரிசி மணிகள்

இந்தக் காற்று எதனால் ஆனது? பெரும்பாலும் புரோத்தன்களாலும் இலத்திரன்களாலும் ஆனது. சூரியன் செக்கனுக்குப் பத்து லட்சம் தொன்னுக்கும் அதிகமான பொருளை இவ்வாறு இழக்கிறது. காற்றின் வேகம் சாதாரணமாகச் செக்கனுக்கு 400 கிலோமீற்றர். சில வேளைகளில் 800 வரையும் உயரும். 400 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனை விட்டுப் புறப்படும் ஒரு புரோத்தன் நான்கு நாட்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் பூமியருகே வந்துவிடும்.

வேகம் அதிகம், ஆனால் அடர்த்தி மிகக் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் இருக்கும் மூலக்கூறுகளை எழுத வேண்டுமானால் 25 என்ற எண்ணுக்குப் பின்னால் 18 பூச்சியங்கள் போடவேண்டும். பூமியருகே சூரியக் காற்றில் அதே இடத்துக்குள் ஐந்து முதல் பத்துப் புரோத்தன்களே இருக்கும். அதன் அழுத்தம் சுமார் இரண்டு நனோ பஸ்கால். ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பளவுள்ள தகட்டை அதற்கு எதிரே பிடித்தாலும், அந்தத் தகட்டின்மீது விழும் விசை பத்து அரிசி மணிகளின் நிறையளவுதான்.

சூரிய ஒளியின் அழுத்தமோ இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஒளியைப் பிடிக்கும் பாய்கள் ஏற்கெனவே பறந்தும் விட்டன. யப்பானின் இக்காரோஸ் 2010 இல் அதைச் செய்து காட்டியது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், ஒளிப்பாய்க் கப்பல்கள் விண்வெளியில் போட்டியிடும் சிறுகதையொன்றை 1964 இலேயே எழுதினார். அக்கதையின் பெயரே 'சூரியனிலிருந்து வரும் காற்று' என்பதுதான். ஆயினும் அதிலுள்ள பாய்களைத் தள்ளுவது ஒளியே.

அப்படியானால், ஒளியை விட்டுவிட்டு இந்த நொய்ந்த காற்றை ஏன் நாட வேண்டும்? காரணம் இதுதான். ஒளியைத் தடுக்க உண்மையான பரப்பு வேண்டும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதற்குத் திணிவு உண்டு. புரோத்தனோ நேரேற்றம் கொண்டது. அதைத் தடுக்கத் தகடு தேவையில்லை. நேரேற்றமுள்ள வேறொரு பொருள் அருகில் இருந்தாலே போதும். அது விலகி ஓடும். அதாவது, மின்புலத்தையே பாயாக விரிக்கலாம். மின்புலத்துக்கு நிறை கிடையாது.

கம்பியால் ஆன பாய்

இந்த எண்ணத்தை 2000 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் முன்வைத்தவர் பின்லாந்து வளிமண்டலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கா யன்ஹுனன். அதற்கு முன்னர், 1980 களின் இறுதியில், பெரிய மீகடத்தி வளையத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் காந்தப்புலத்தால் சூரியக் காற்றைத் தடுக்கலாம் என்று அமெரிக்கர்களான டேனா அன்றூசும் றொபட் சுப்ரினும் எழுதியிருந்தார்கள். யன்ஹுனன் காந்தப்புலத்தை விட்டு மின்புலத்தை எடுத்துக்கொண்டார்.

அவருடைய வடிவமைப்பைச் சைக்கிள் சில்லாகக் கற்பனை செய்யுங்கள். றிம் இல்லாமல் கம்பிகள் மட்டும் உள்ள சில்லு. நடுவில் விண்கலம். அதிலிருந்து நாலாபுறமும் நூறு வரையான கம்பிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளம். கலம் மெதுவாகச் சுழல்வதால், கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்லைப்போல அவை விறைத்து நிற்கும். கம்பிகளுக்கு 20,000 முதல் 40,000 வோல்ற்று வரையான நேர் அழுத்தம் கொடுக்கப்படும். தலைமயிரைவிட மெல்லிய கம்பியைச் சுற்றி நூறு மீற்றருக்கும் மேற்பட்ட அகலத்துக்கு மின்புலம் பரவும். அதற்குள் நுழையும் புரோத்தன் வளைந்து திரும்பும். திரும்பும்போது தன் உந்தத்தில் ஒரு பகுதியைக் கம்பிக்குக் கொடுத்துவிடும். கம்பி கலத்தை இழுக்கும்.

இங்கே ஒரு தடை வருகிறது. சூரியக் காற்றில் இலத்திரன்களும் உண்டல்லவா? மறையேற்றமுள்ள அவை கம்பியை நாடி வந்து ஒட்டும். சற்று நேரத்தில் கம்பியின் நேரேற்றம் அழிந்துவிடும். அதற்காகக் கலத்தில் ஓர் இலத்திரன் துப்பாக்கி இருக்கும். கம்பி சேர்க்கும் இலத்திரன்களை அது ஓயாமல் வெளியே எறிந்துகொண்டிருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரியத் தகடுகள் தரும். படகுக்குள் ஏறும் தண்ணீரை அள்ளி இறைப்பது போன்ற வேலை அது. நிறுத்தினால் பாய் சுருங்கிவிடும். உந்துதலை நிறுத்த விரும்பும் வேளையில் வேண்டுமென்றே துப்பாக்கியை நிறுத்தலாம்.

இவ்வளவும் சேர்ந்து தரும் விசை ஏறத்தாழ ஒரு நியூற்றன். ஒரு தோடம்பழத்தைக் கையில் ஏந்தும்போது உணரும் பாரத்தைவிடவும் குறைவு. ஆனால் இது நிற்காமல் கிடைக்கும் விசை. 1,000 கிலோகிராம் திணிவுள்ள கலத்துக்கு அது செக்கனுக்குச் செக்கன் ஒரு மில்லிமீற்றர் ஆர்முடுகலைத் தரும். ஒரு நாளின் முடிவில் வேகம் செக்கனுக்கு 86 மீற்றர் கூடியிருக்கும். அதே விசை ஓராண்டு நீடித்தால் செக்கனுக்கு 30 கிலோமீற்றரைத் தாண்டும். ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 780 கிலோகிராம் எரிபொருள் கேட்ட அதே 30 கிலோமீற்றர்தான் இது!

சூரியனை விட்டு அகல அகல விசை குறையும் என்பது உண்மை. ஆனால் ஒளிப்பாயில் குறைவதுபோல் விரைவாகக் குறையாது. வியாழன் சூரியனிலிருந்து பூமியைப்போல் ஐந்து மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒளிப்பாயின் விசை இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். மின் பாயின் விசையோ ஐந்தில் ஒன்றாகவே குறையும். ஏனென்றால் காற்று மெலியும்போது கம்பியின் மின்புலத்தை மறைக்கும் இலத்திரன்களும் குறைகின்றன; எனவே மின்புலம் இன்னும் அகலமாகப் பரவுகிறது. காற்று மெலியும்போது பாய் தானாகவே பெரிதாகிறது! இந்த விடயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

கப்பலோட்டி பாயைச் சரித்துத் திசை மாற்றுவதுபோல, கம்பிகளின் மின்னழுத்தத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துப் பாய்த்தளத்தைச் சரிக்கலாம். அப்போது விசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் கிடைக்கும். கலம் சூரியனைச் சுற்றும் வேகத்தை அதனால் கூட்டினால் வெளியே போகலாம். குறைத்தால் சூரியனை நோக்கி உள்ளே வரலாம்.

நூல் விரியவில்லை

கணக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது. செய்கையில் எப்படி?

முதலில் கம்பி. விண்வெளியில் மணலைவிடச் சிறிய கற்துகள்கள் பெரும் வேகத்தில் பறக்கின்றன. ஒற்றைக் கம்பியாக இருந்தால் ஏதாவதொரு துகள் என்றோ ஒருநாள் அதை அறுத்துவிடும். ஆகவே ஒரு முக்கிய கம்பியோடு மெல்லிய கம்பிகளை வளைத்து வளைத்து இணைத்தார்கள். ஓர் இழை அறுந்தாலும் மற்றவை தாங்கும். நம் கிழக்கு மாகாணத்தில் இழைக்கும் பன்பாயில் ஒரு பன் முறிந்தால் பாய் முழுவதும் குலைந்துவிடுவதில்லையே, அதுபோல. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இவ்வாறு ஒரு கிலோமீற்றர் நீளமான அலுமினியக் கம்பியைச் செய்து முடித்தார்கள். அதில் 90,000 க்கும் மேற்பட்ட ஒட்டுக்கள் இருந்தன. முழுக் கம்பியின் திணிவு சுமார் பத்துக் கிராம் மட்டுமே.

அடுத்தது விண்வெளிச் சோதனை. பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றை வெகு தூரத்திலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. அந்தக் காந்தப்புலம்தான் நமக்குக் கவசம். ஆகவே தாழ்ந்த ஒழுக்கில் சுற்றும் செய்மதியால் சூரியக் காற்றைத் தொட முடியாது. ஆனால் அங்கே பூமியின் அயன்மண்டலம் உண்டு. செய்மதி அதனூடே செக்கனுக்குச் சுமார் 7.5 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கம்பிக்கு ஏற்றம் கொடுத்தால் இங்கும் ஒரு விசை பிறக்கும். மாதிரிச் சோதனைக்கு அது போதும்.

எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழக மாணவர்கள் அதற்கு முன்வந்தார்கள். எஸ்ற்கியூப் 1 என்ற அவர்களின் செய்மதி 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு பெட்டி. திணிவு ஒரு கிலோகிராமுக்குச் சற்றே அதிகம். 2019 இல் விண்ணில் விடப்பட்ட நமது ராவணா 1 செய்மதியும் அதே அளவுள்ள பெட்டிதான். 2013 மே 7 ஆம் திகதி எஸ்ற்கியூப் 1 ஏவப்பட்டது. எஸ்தோனியாவின் முதலாவது செய்மதி அதுவே. பூமியின் படங்களை அனுப்பியது, நாட்டில் பெருமகிழ்ச்சி. பின்னர் செய்மதியைச் சுழற்றி, பத்து மீற்றர் கம்பியை வெளியே விடக் கட்டளையிட்டார்கள். கம்பி வரவில்லை. கம்பி சுற்றியிருந்த உருளை சுழலவே இல்லை.

பின்லாந்து மாணவர்கள் உருவாக்கிய ஆல்ற்றோ 1 அடுத்து வந்தது. 2017 யூன் 23 ஆம் திகதி, சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ஏவுகணை அதைக் கொண்டு சென்றது. அதன் கம்பியும் விரியவில்லை. எஸ்தோனிய மாணவர்களின் அடுத்த தலைமுறை எஸ்ற்கியூப் 2 ஐச் செய்து, 2023 ஒக்டோபரில் ஏவியது. இம்முறை செய்மதி ஏவுகணையிலிருந்து பிரியவே இல்லை.

இவற்றுள் ஒன்றுகூட மின் பாயின் பௌதிகவியல் பிழை என்று நிரூபிக்கவில்லை. சரி என்றும் நிரூபிக்கவில்லை. கேள்வியைக் கேட்பதற்கு முன்னரே உருளையும் பூட்டும் தடுத்துவிட்டன. விண்வெளி ஆய்வில் சமன்பாடு எவ்வளவு முக்கியமோ, ஒரு சின்ன உருளை சிக்காமல் சுழல்வதும் அவ்வளவு முக்கியம் என்பதை இம்மாணவர்கள் அறிந்துகொண்டார்கள். அதற்காக அவர்கள் கொடுத்த விலை ஆண்டுகள்.

ஒரு வாழ்நாளுக்குள்

இவ்வளவு தோல்விக்குப் பிறகும் ஏன் விடாமல் முயல்கிறார்கள்? விடை வொயேஜர் 1 இன் கதையில் இருக்கிறது.

சூரியக் காற்று முடிவின்றி வீசுவதில்லை. நட்சத்திரங்களுக்கிடையேயுள்ள வாயு அதை ஓரிடத்தில் தடுத்து நிறுத்துகிறது. சூரியனின் ஆட்சி எல்லை அது எனலாம். 1977 செப்டம்பர் 5 ஆம் திகதி புறப்பட்ட வொயேஜர் 1, 2012 ஓகஸ்ட் 25 ஆம் திகதிதான் அந்த எல்லையைக் கடந்தது. 35 ஆண்டுகள்! இருபத்தைந்து வயதில் அத்திட்டத்தில் சேர்ந்த ஒருவர் அறுபதில் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பார். நாற்பதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க இருந்தார்கள்?

அமெரிக்க நாசாவின் மார்ஷல் விண்பறப்பு நிலையத்தில் புரூஸ் வீக்மன் தலைமையிலான குழுவினர், மின் பாய் கொண்ட ஒரு கலம் அதே எல்லையை எத்தனை ஆண்டுகளில் அடையும் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட விடை பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் கணக்கு மெய்யானால், இன்று தரம் ஆறில் படிக்கும் ஒரு மாணவி, தான் பல்கலைக்கழகம் முடிக்கும் வயதில் அந்தக் கலத்தின் செய்தியைப் படிக்கலாம். கேட்டவரே விடையைக் காணும் வாய்ப்பு அது.

இதன் பயன் தொலைதூரத்தில் மட்டுமல்ல. பழுதடைந்த செய்மதிகள் பூமியைச் சுற்றிக் குப்பையாகப் பெருகிவருகின்றன. புறப்படும்போதே ஒவ்வொரு செய்மதியோடும் ஒரு சுருள் கம்பியைச் சேர்த்து அனுப்பினால், ஆயுள் முடிந்ததும் அதை விரித்து ஏற்றம் கொடுக்கலாம். அப்போது அயன்மண்டலம் அதை மெல்ல மெல்லத் தடுக்கும். செய்மதி தாழ்ந்து வந்து வளிமண்டலத்தில் எரிந்துபோகும். இதற்குப் பிளாஸ்மாத் தடுப்பான் என்று பெயர். ஆல்ற்றோ 1 சோதிக்க விரும்பியது இதையே.

மின் பாயால் செய்ய முடியாதவையும் உண்டு. தரையிலிருந்து அதனால் எழ முடியாது. பூமியின் காந்தக் கவசத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும்வரை ஏவுகணையே துணை. சூரியக் காற்றும் ஒரே சீராக வீசுவதில்லை. மணிக்கு மணி மாறும். ஆகவே ஓட்டுபவர் அதற்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றை நம்பிய எந்தக் கடலோடிக்கும் இது புதிய செய்தியல்ல.

சந்திரசேகர் பார்க்கரின் கட்டுரையைத் தாங்கிய கடிதவுறையைத் திருப்பி அனுப்பியிருந்தாலும், சூரியக் காற்று வீசிக்கொண்டுதான் இருந்திருக்கும். அல்லாஹ்வின் படைப்பு நம் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதில்லை. அதை அறியும் நேரம்தான் பிந்தியிருக்கும். இன்று மின் பாயும் அத்தகைய இடத்தில் நிற்கிறது. கணிதத்தில் பிழை காணப்படவில்லை. கம்பி இன்னும் விரியவில்லை. அதை விரிக்கப்போகும் கைகள் இப்போது ஏதோவொரு நாட்டில், ஏதோவொரு பாடசாலையில் பௌதிகவியல் செய்முறைக் கொப்பியை எழுதிக்கொண்டிருக்கலாம். அந்தப் பாடசாலை நம்முடையதாக இருக்கக்கூடாது என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை.